இழுப்பறையில் ஈரம்

குழு: சுங்கை சிப்புட் வீடு

வெள்ளிக்கிழமை, இரவு

கோகிலா அத்தை: பார்த்தி, நாளைக்கு ஈப்போவிலிருந்து வருகிறாயா? உன் மாமாவின் கேரவனில் இழுப்பறை, அதுதான் பட்டனை அமுக்கினால் வெளியே தள்ளி வருகிற அறை, அதில் சோபாவுக்குக் கீழே தரை அமுங்குகிறது. துடைப்பத்தோடு கால் வைத்தேன், டீயில் ஊறிய பிஸ்கட் மேல் நின்ற மாதிரி இருந்தது.

செல்வம் மாமா: அமுங்கவில்லை. கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது, அவ்வளவுதான்.

ஷாலினி: அப்பா, தரை மெத்தென்று இருக்கக்கூடாது.

விமலா: ஐயோ, தீபாவளிக்கு நாங்கள் ஐந்து பேர் அதில்தானே படுக்க வேண்டும்? இங்கே ஜேபியில் (ஜோகூர் பாருவில்) பிள்ளைகள் யார் இழுப்பறையில் படுப்பது என்று இப்போதே சண்டை.

பார்த்திபன்: வருகிறேன் அத்தை. மாமா, இழுப்பறை வெளியே தள்ளித்தானே இருக்கிறது? அப்படியே இருக்கட்டும், பட்டனைத் தொடாதீர்கள். அந்த அறை முழுவதும் அடியில் இருக்கிற உருளைகள் மேல்தான் போய் வருகிறது. பலகை ஊறியிருந்தால் உள்ளே இழுக்கும்போது உருளை அதில் புதைந்து மொத்தமாகக் கிழித்துவிடும்.

செல்வம் மாமா: மேலே ஒரு பிளைவூட் போட்டு லினோலியம் ஒட்டினால் ஒரு நாள் வேலை. பலகைக் கடை முதலாளி தவுக்கேயிடம் சொல்லியும் விட்டேன்.

ராஜூ சித்தப்பா: மச்சான், சொன்னதை ரத்து பண்ணுங்கள். சீழ் வைத்த புண் மேல் பவுடர் அடிக்கிற வேலை அது. ஈரத்தை அடியில் வைத்து மேலே லினோலியத்தால் மூடினால் அது காயவே காயாது, ஆறு மாதத்தில் புதுப் பலகையும் போய்விடும். நான் ஆயர் தாவாரில் வந்து உட்கார்ந்து பதினெட்டு வருடமாகப் படகுக்கு பைபர் ஒட்டுகிறேன், எனக்கு வருகிற படகில் பாதி இப்படி மூடி வைத்ததுதான். முதலில் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று பார்க்க வேண்டும், தரையை அப்புறம் பார்க்கலாம்.

செல்வம் மாமா: கூரையில்தான் ஓட்டை. ரம்புத்தான் இலை அடைத்துக்கொண்டு தண்ணீர் தேங்குகிறது.

கோகிலா அத்தை: அந்த மரத்தடியில் நிறுத்தாதீர்கள் என்று அன்றைக்கே சொன்னேன்.

செல்வம் மாமா: வெயிலில் நிறுத்தினால் யார் உள்ளே படுப்பது?

ஷாலினி: பாட்டி கேட்கிறார்கள், பல்லில்லாத வண்டிக்கு எதற்கு இவ்வளவு சண்டை என்று. (பல் என்று சொல்வது டயரை)

சனிக்கிழமை, மதியம்

பார்த்திபன்: படம் 1, சோபாவை எடுத்த பிறகு. படம் 2, லினோலியத்தை உரித்த பிறகு. படம் 3 கொஞ்சம் மோசம், சாப்பிட்டுக்கொண்டு இருப்பவர்கள் பார்க்க வேண்டாம்.

விமலா: பார்த்துவிட்டேன். தோசை மாவு புளித்துப் பொங்கியது போல் இருக்கிறது.

பார்த்திபன்: அது பிளைவூட் இல்லை. மரச் சீவல்களைப் பசை போட்டு அழுத்திய பலகை, ஓஎஸ்பி என்பார்கள். அமெரிக்க வண்டிகளில் நிறையப் பயன்படுத்துகிறார்கள், காய்ந்து இருக்கும் வரைக்கும் நல்ல பலம். ஓரத்தில் தண்ணீர் ஏறினால் உப்பிவிடும், காய வைத்தாலும் பழைய கனத்துக்கு இறங்காது. ஊசிக் கம்பியால் குத்திப் பார்த்தேன். நடுவில் நுனி கூட இறங்கவில்லை. வெளிச் சுவர் பக்கம் நெருங்க நெருங்க இறங்கியது, மூலையில் கைப்பிடி வரைக்கும் போனது, வெளியே எடுத்தால் கம்பியில் கறுப்பாகத் தேயிலைச் சக்கை போல ஒட்டி வருகிறது. ஈரம் காட்டுகிற மீட்டரும் வைத்தேன். நடுவில் 15 சதவீதம், மூலையில் 31. மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினாலே பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம்.

செல்வம் மாமா: அப்படியானால் கூரைதானே?

பார்த்திபன்: இல்லை மாமா. கூரையென்றால் மேல் மூலையிலும் சுவரிலும் கறை இருக்க வேண்டும். பாத்திரம் துடைத்த மாதிரி சுத்தமாக இருக்கிறது. ஊறினது எல்லாம் தரையின் வெளி விளிம்பு, அதிலும் அடிப்பக்கம். கீழே படுத்துப் பார்த்தேன். தரைக்கு அடியில் கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் துணி ஒட்டியிருக்கிறார்கள், நெய்த சாக்கு போல இருக்கும், தண்ணீர் படாமல் காக்க. உருளை ஓடுகிற தடத்தில் அது நீளத்துக்குக் கிழிந்து தொங்குகிறது. விரலை விட்டேன், உள்ளே தேங்கின தண்ணீர் முழங்கை வரைக்கும் வழிந்தது. கெட்டுப் போன கிணற்று வாடை.

ராஜூ சித்தப்பா: அதுதான். காக்க வைத்த துணியே தண்ணீரைப் பிடித்து வைக்கிற பை ஆகிவிட்டது. சுவரில் வழிகிற மழை அடி விளிம்புக்கு வந்ததும் நேராகக் கீழே விழும் என்று நினைக்கிறோம், விழாது. டீயைக் கோப்பையிலிருந்து மெதுவாக ஊற்றிப் பாருங்கள், கோப்பையை விட்டுப் பிரியாமல் அடியில் ஓடி மேசையை நனைக்கும். அதே மாதிரி விளிம்பைச் சுற்றிக்கொண்டு தரைக்கு அடியில் ஓடும். அங்கே வெட்டின பலகையின் ஓரம் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறது. தோட்டத்து லயத்து வீட்டின் ஜிங்க் தகரக் கூரையை ஏன் சுவருக்கு வெளியே நீட்டி விட்டார்கள்? இந்த வண்டியில் அந்த நீட்டல் இல்லை.

செல்வம் மாமா: ரப்பர் சீல் இருக்கிறதே சுற்றி? நான்தான் மாதாமாதம் எண்ணெய் போட்டு வைக்கிறேனே.

பார்த்திபன்: என்ன எண்ணெய் மாமா?

செல்வம் மாமா: லோரிக்குப் போடுகிற கிரீஸ்தான். சில மாதம் மிச்சமான இன்ஜின் ஆயில்.

பார்த்திபன்: ...

ஷாலினி: பாட்டி சத்தமாகச் சிரிக்கிறார்கள். வாய்ஸ் அனுப்பச் சொன்னார்கள், பேட்டரி இல்லை, நானே எழுதுகிறேன். "ஏண்டா செல்வம், உன் அம்மா முப்பத்திரண்டு வருசம் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டினவள். பால் வாளியில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் மண்டோர் (கங்காணி) எப்படித் திட்டுவார் என்று உனக்குத் தெரியாதா? ரப்பருக்கும் எண்ணெய்க்கும் ஆகாது. ரப்பர் செருப்பை மண்ணெண்ணெயில் போட்டுப் பார், ஊறிப் பெருத்து இழுத்தால் இழுத்த பக்கம் வரும். நீ லோரி ஓட்டினாய், தோட்டத்தில் என்ன விளைந்தது என்று பார்க்கவில்லை."

பார்த்திபன்: பாட்டி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. இந்த சீல் மரத்து ரப்பர் இல்லை, ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். வெயிலும் மழையும் தாங்கும், ஆனால் பெட்ரோலிய எண்ணெய் என்றால் இதற்கும் ஆகாது, ஊதி மெத்தென்று ஆகிவிடும். கீழ் மூலை இரண்டிலும் சீல் வளைந்து நிற்கிறது, என் சுண்டு விரல் நுழைகிற இடைவெளி. சிலிகான் ஸ்பிரே போட வேண்டும், அல்லது அந்த சீலுக்கென்றே விற்கிற மருந்து. கிரீஸ் டின்னை ஒளித்து வையுங்கள் அத்தை.

கோகிலா அத்தை: டின் மட்டுமா, பியூஸையும் கழற்றி நானே வைத்துக்கொள்கிறேன். யாராவது பட்டனை அமுக்கினால் கீழே படுத்திருக்கிற பிள்ளை என்ன ஆவது?

செல்வம் மாமா: "யாராவது" என்றால் என்னைத்தான் சொல்கிறாள்.

திங்கள், இரவு

ராஜூ சித்தப்பா: பார்த்தி, வெட்டுவதற்கு முன் அறைக்கு அடியில் முட்டுக் கொடுத்தாயா? ஜாக் மட்டும் போதாது, மண் ஈரமாக இருக்கிறது, இறங்கிவிடும்.

பார்த்திபன்: இரண்டு ஜாக், கீழே அகலப் பலகை, பக்கத்தில் கட்டை அடுக்கி. மாமா பழைய ரப்பர் மரக் கட்டை கொண்டு வந்தார், புரட்டினால் அடியில் கறையான். எரித்துவிட்டோம். சிமெண்ட் கல் வைத்தேன்.

ராஜூ சித்தப்பா: நல்லது. ரம்பத்தின் ஆழத்தைப் பலகையின் கனத்துக்கு மட்டும் வை. ஊறின இடத்தோடு நிறுத்தாதே, நல்ல மரத்துக்குள் ஒரு சாண் போய் வெட்டு. எவ்வளவு கனம்?

பார்த்திபன்: அதில்தான் மாட்டிக்கொண்டேன் சித்தப்பா. வண்டி செய்தவன் போட்டது எட்டில் அஞ்சு பங்கு இஞ்ச், கிட்டத்தட்ட 16 மில்லி. தவுக்கே கடையில் மரைன் பிளைவூட் 12, 15, 18 தான் இருக்கிறது. 18 போட்டால் உருளை ஏறும்போது முட்டும், 15 போட்டால் ஒட்டில் ஒரு மில்லி படி விழும், அந்தப் படியில் போகும்போதும் வரும்போதும் உருளை குதிக்கும்.

ராஜூ சித்தப்பா: 15 வாங்கு. அடிப்பக்கம் கண்ணாடி இழைத் துணி இரண்டு மடிப்பு எப்பாக்சியில் (இரண்டு பாகத்தைக் கலந்தால் இறுகுகிற பசை) ஒட்டினால் அந்த ஒரு மில்லி வந்துவிடும், உருளைக்கும் வழவழப்பான தடம் கிடைக்கும், கிழிகிற சாக்கே வேண்டாம். இன்னொன்று, மரைன் என்று பெயர் இருப்பதால் மயங்காதே. அதில் பசைதான் தண்ணீருக்குத் தாங்கும், மரம் மரம்தான். அடுக்கு தெரிகிற ஓரத்தில் மூன்று முறையாவது எப்பாக்சி குடிக்க விடு. வியாழன் நான் வருகிறேன், டின் என்னிடம் இருக்கிறது.

விமலா: நைந்த இடத்திலேயே அந்த எப்பாக்சியை ஊற்றினால் இறுகிவிடாதா? ஒரு வீடியோவில் பார்த்தேன்.

ராஜூ சித்தப்பா: ஜன்னல் சட்டத்தில் ஒரு விரல் அளவு என்றால் செய்யலாம் அம்மா. ஐந்து பேர் நிற்கிற தரைக்குச் சக்கையை இறுக வைத்தால் இறுகின சக்கைதான் கிடைக்கும்.

வியாழன், மாலை

ஷாலினி: ஒரு விபத்து. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்பா வேலை சீக்கிரம் முடியட்டும் என்று எப்பாக்சி முழுவதையும் ஒரே ஐஸ்கிரீம் டப்பாவில் கலந்துவிட்டார். பத்து நிமிடத்தில் டப்பா சுட்டது, அப்புறம் புகை, அப்புறம் டப்பா உருகி வாசல் படியில் ஒட்டிக்கொண்டது. இப்போது வாசலில் ஒரு மஞ்சள் கல் இருக்கிறது, உளியால் அடித்தாலும் வரவில்லை.

ராஜூ சித்தப்பா: அரை மணி நேரம் மாமாக் டீக்கடைக்குப் போனேன். அரை மணி நேரம். இந்த வெயிலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து உடனே அகலத் தட்டில் ஊற்றிவிட வேண்டும், ஆழமான டப்பாவில் இருந்தால் அதன் சூட்டிலேயே அது வேகும்.

செல்வம் மாமா: டின்னில் எழுதியிருப்பது எல்லாம் பொடி எழுத்து.

கோகிலா அத்தை: அந்தக் கல் மேல் கோலம் போடலாமா என்று யோசிக்கிறேன்.

ஞாயிறு, காலை

பார்த்திபன்: நிலவரம். மூன்று நாள் சாயங்கால மழை, கன்வாஸ் கட்டி இரண்டு காற்றாடி ஓடவிட்டோம். வெட்டாமல் விட்ட பழைய பலகை இப்போது 16. இந்த ஊர்க் காற்றுக்கு அதற்கு ரொம்பக் கீழே எதிர்பார்க்க முடியாது. நேற்று போட்ட முதல் பூச்சின் மேல் பிசுபிசுவென்று ஒரு படலம், மழை ஈரத்தில் வருமாம், தண்ணீரில் கழுவி உப்புத்தாள் போட்டுவிட்டுத்தான் அடுத்த பூச்சு. ஆணி ஓட்டைகளுக்குச் சித்தப்பா படகுக்காரர் வித்தை காட்டினார். பெரிதாகத் துளை போட்டு எப்பாக்சியால் அடைத்து, இறுகின பிறகு அதன் நடுவில் சின்னத் துளை. திருகாணி மரத்தைத் தொடவே தொடாது, அதன் வழியாகத் தண்ணீரும் இறங்காது.

செல்வம் மாமா: விளிம்புக்கு அலுமினிய ஆங்கிள் நான் வெட்டினேன். அதையும் எழுது.

பார்த்திபன்: மாமா வெட்டினார், அருமையாக வெட்டினார். கீழ் உதடு ஒரு விரல் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கிறது, தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். அடியில் பியூட்டில் டேப், பிசின் போல ஒட்டுகிற ரப்பர் பட்டை. சிலிகான் பசை எங்கும் போடவில்லை, அது ஒரு முறை பட்ட இடத்தில் பிறகு எதுவும் ஒட்டாது. புது சீலும் வந்தது.

அடுத்த சனிக்கிழமை

ஷாலினி: நேரலை. பார்த்தி அத்தான் வெளியே ஹோஸ் பைப்போடு. கீழ் விளிம்பிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு இடமாகப் பத்து நிமிடம், மேலே இருந்து அடித்தால் எங்கே நுழைகிறது என்று தெரியாதாம். நான் உள்ளே டார்ச்லைட்டோடு. ஓரம் முழுக்கப் பாட்டியின் முகப்பவுடரைத் தூவி வைத்திருக்கிறோம், ஒரு சொட்டு பட்டாலும் கோடு விழும்.

விமலா: என்ன ஆச்சு?

ஷாலினி: இடது மூலை காய்ந்து இருக்கிறது. வலது மூலை... பொறுங்கள்.

ஷாலினி: ஒரு கோடு. சின்னது.

ராஜூ சித்தப்பா: சீல் ஒட்டு அங்கேதானே இருக்கிறது? 45 டிகிரியில் வெட்டி ஒட்டச் சொன்னேனே.

பார்த்திபன்: நேராக வெட்டிவிட்டேன். என் தப்பு. ஒரு மணி நேரம் கொடுங்கள்.

ஷாலினி: 5.40. திரும்பவும் பவுடர், திரும்பவும் இருபது நிமிடம் தண்ணீர். காய்ந்தே இருக்கிறது. பாட்டி பவுடர் டப்பாவைத் திரும்பக் கேட்கிறார்கள், காலி என்று யார் சொல்வது?

செல்வம் மாமா: முட்டு எடுத்தாச்சு. ஒரு தடவை உள்ளே இழுத்துப் பார்க்கலாம். பியூஸ் எங்கே?

கோகிலா அத்தை: அஞ்சறைப் பெட்டியில், கடுகுக்குப் பக்கத்தில். கையைக் கழுவிவிட்டு எடுங்கள்.