புதுப்பிப்பு: தாய்ப்பூனை ஒதுக்கிய குட்டி, முதலில் சூடு

தாய் ஒதுக்கும் குட்டியை உடனே மறுபடி அதன் மடியில் விடுங்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். அதைத் திருத்த வேண்டும். குட்டியின் உடல் சில்லிட்டிருந்தால் தாய் அதை நோயுற்றதாக எண்ணி மறுபடியும் தள்ளிவிடும்.

முதல் வாரத்தில் குட்டியின் உடல் வெப்பம் 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் குடல் இயங்காது. அந்த நிலையில் பால் புகட்டினால் செரிக்காது, மூச்சுக்குழலுக்குள் போகும் ஆபத்தும் உண்டு. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, ஓரிரு மணி நேரத்தில் மெல்ல மெல்லச் சூடேற்றுங்கள். அவசரம் வேண்டாம், திடீர்ச் சூடும் உயிரைப் பறிக்கும்.

சூடான பிறகே தாயிடம் விடுங்கள். அப்போதும் சீறினால் தாயின் மடியைத் தொட்டுப் பாருங்கள். காம்பு கல்லாக இறுகி, சிவந்து, கொதித்தால் அது மடிவீக்கம். வலியால்தான் விரட்டுகிறது, வெறுப்பால் அல்ல. தாய்க்கு நடுக்கமோ தள்ளாட்டமோ இருந்தால் கால்சியம் குறைந்திருக்கலாம். விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

கைவளர்ப்புதான் வழி என்றால் பூனைக்குட்டிக்கான பால்மாவு மட்டும், முதல் வாரம் 2–3 மணி நேரத்துக்கு ஒருமுறை, குட்டியைக் குப்புறப் படுக்கவைத்து. மல்லாத்தி ஊட்டவே கூடாது.