புதுப்பிப்பு: அகழியின் நீளத்தை அளந்தால் போதுமா?

கிருஷ்ணகிரி மாவட்டம் தேன்கனிக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில், யானைகள் வயலுக்குள் இறங்காமல் தடுக்க அகழி வெட்டி நடத்தும் திட்டம் பலன் தருகிறதா என்று எதை வைத்துச் சொல்வது, அறிக்கையில் அகழியின் நீளமும் கூட்டங்களின் எண்ணிக்கையும்தானே இருக்கிறது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஊர்க்கூட்டம் சண்டையில்தான் ஆரம்பித்தது. ராகிக் கதிர் முற்றும் நேரத்தில் கர்நாடகத்தின் பன்னர்கட்டா காட்டுப் பக்கமிருந்து ஜவளகிரி காடு வழியாக யானைகள் இறங்குவது தெரிந்ததுதான், ஆனால் பயிர்ச் சேதத்துக்கான இழப்பீடு தாமதமாவதைப் பேசாமல் வேறு எந்தக் கணக்கும் வேண்டாம் என்று பெரியவர்கள் உட்காரவே மறுத்துவிட்டார்கள். நியாயம்தானே. சரி, அதையே முதல் அளவுகோலாக வைத்தோம்: மனு கொடுத்த நாள், வயலைப் பார்க்க ஆள் வந்த நாள், பணம் வந்த நாள், மூன்றும் ஒரே நோட்டில்.

அப்புறம் இரண்டாவது அளவுகோல், யானை அகழியைத் தாண்டிய இடம். மழையில் மண் சரிந்து தூர்ந்துபோன இடத்தில்தான் தடம் இருந்தது, கரையில் கால் வழுக்கிய கோடு ஈரம் காயாமல் தெரிந்தது. கிலோமீட்டர் கணக்கில் இது வரவே வராது.

யானை வராததை மட்டும் வெற்றி என்று எழுதக் கூடாது என்றும் நான் அழுத்திச் சொன்னேன். 2022ல் அறிவித்த 686 சதுர கிலோமீட்டர் காவேரி தெற்கு சரணாலயம், காவேரி வடக்கு சரணாலயத்தையும் கர்நாடகத்தின் காவேரி சரணாலயத்தையும் இணைக்கும் காடு; யானைகள் இந்தக் காடுகளுக்கிடையே நடந்துகொண்டேதான் இருக்கும். இங்கே வழி அடைத்தால் பக்கத்து ஊர் ராகிதான் போகும்.

நோட்டு இப்போது ஊரிடமே இருக்கிறது. அறுவடை முடிந்ததும் அறிக்கையையும் நோட்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கத் திட்டக்காரர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.