ஸ்விஃப்ட் டிக்கியில் சக்கர நாற்காலியும் வேண்டும், சப்வூஃபரும் வேண்டும்: எந்த அளவு, எந்தப் பெட்டி?

கேள்வி: செங்கோட்டையிலிருந்து

வணக்கம். 2018 மாடல் ஸ்விஃப்ட் வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை அப்பாவைத் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். புளியரை எஸ் வளைவு ஏறி ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழா வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல். அப்பா நாற்பது வருஷம் தவில் வாசித்தவர். போகவர நாகசுரக் கச்சேரிதான் ஓடும். ஆனால் கதவு ஸ்பீக்கரில் தவிலின் வலப்பக்கமான வலந்தலை மட்டும்தான் கேட்கிறது. இடப்பக்கத் தொப்பியில் குச்சி விழும் 'தொம்' வருவதே இல்லை. "பாதித் தவிலைக் காணோமேடா" என்பார்.

போன மாதம் ஒரு கடைக்காரர் பேச்சைக் கேட்டு கீழ்ச்சத்தம் தரும் சப்வூஃபர் ஸ்பீக்கரை 12 இஞ்சில், போர்ட்டட் பெட்டியோடு (துளை வைத்த பெட்டி) வைத்தேன். டிக்கி அடைத்துக்கொண்டது. நாற்காலியைப் பின்சீட்டில் போட்டு, அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். சத்தமும் சரியில்லை. வேகமான கோர்வை வந்தால் ஓர் அடி ஓய்வதற்குள் அடுத்தது விழுந்து எல்லாம் ஒரே இரைச்சல். திருப்பிக் கொடுத்தேன், பாதிப் பணம்தான் வந்தது. இனி என்ன வாங்கலாம்?

பதில்: கொழிஞ்சாம்பாறையிலிருந்து

தம்பி, இஞ்சைப் பார்க்கும் முன் லிட்டரைப் பாருங்கள். உங்கள் டிக்கி மொத்தமே 268 லிட்டர். 12 இஞ்ச் போர்ட்டட் பெட்டி உள்ளளவிலேயே 45 முதல் 60 லிட்டர் கேட்கும், அதற்கு மேல் மரத்தின் கனம். 10 இஞ்ச் சீல்டு, அதாவது துளையில்லாமல் அடைத்த பெட்டி என்றால் 15 முதல் 20 லிட்டரில் முடிந்துவிடும்.

தவிலுக்கு சீல்டுதான் சரி. அடைபட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி ஸ்பீக்கர் கூம்பைப் பிடித்து நிறுத்தும், அடி விழுந்த இடத்தில் விழுந்து ஓயும். போர்ட்டட் பெட்டியில் துளை வழியாகவும் சத்தம் வரும். அதே வாட்ஸுக்குக் கூடுதல் முழக்கம் கிடைக்கும், ஆனால் துளையை டியூன் செய்த அதிர்வெண்ணில் சத்தம் சற்று நீளும். சீல்டில் சத்தத்தின் ஆழம் குறையுமே என்று பயப்பட வேண்டாம். காரின் சின்ன அறையே கீழ்ச்சத்தத்தைத் தூக்கிக் கொடுத்துவிடும்.

பதில்: மார்த்தாண்டத்திலிருந்து

முன் சீட்டுக்கு அடியில் வைக்கும் 8 இஞ்ச் ஆக்டிவ் சப் பார்த்தீர்களா? ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) உள்ளேயே இருக்கும், டிக்கியைத் தொடவே வேண்டாம். என் ஆல்டோவில் அதுதான். சினிமாப் பாட்டுக்குப் போதும். தவிலுக்கு எப்படியென்று நான் கேட்டுப் பார்த்ததில்லை.

செங்கோட்டை

அண்ணாச்சி, சீட்டுக்கு அடியில் அப்பாவின் கால்பலகை, மருந்துப் பை எல்லாம் போகிறது. டிக்கியை அளந்தேன். மடித்த நாற்காலியைக் கதவோரம் வைத்தால் பின்சீட்டுப் பக்கம் கீழே 24 செ.மீ., மேலே 15 செ.மீ. மிஞ்சுகிறது.

கொழிஞ்சாம்பாறை

தாராளமாகப் போதும். சீட்டின் சாய்வுக்கு ஏற்ப ஆப்பு வடிவில் அடியுங்கள். வெளியளவு அகலம் 46, உயரம் 34, ஆழம் கீழே 22, மேலே 14 செ.மீ. 18 மி.மீ. பலகை போக உள்ளே சுமார் 18 லிட்டர், சப் அடைக்கும் இடம் கழிந்து 17. வாங்கும் முன் சப்பின் பின்பக்க ஆழம் கேட்டுக்கொள்ளுங்கள், 13 செ.மீ.க்குள் இருந்தால் நடுவில் தட்டாது.

பலகை விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். உங்கள் பக்கம் சாரல் அடிக்கும், ஈர நாற்காலி பக்கத்திலேயே இருக்கும். எம்.டி.எஃப். என்ற மரநார்ப் பலகை தண்ணீர் குடித்தால் உப்பிவிடும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை (தண்ணீர் தாங்கும் ஒட்டுப்பலகை) வாங்குங்கள். மூலை மூட்டெல்லாம் சிலிகான் வையுங்கள். காற்று கசிந்தால் சீல்டு சீல்டே இல்லை. பெட்டியைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்குங்கள், மலைப் பாதையில் ஏறும்போது நாற்காலி மேல் சரியும்.

தொடர்ந்து 300 வாட்ஸ் (ஆர்.எம்.எஸ்.) தரும் ஒற்றைச் சானல் மோனோ ஆம்ப் போதும். முழுச் செம்பு 8 கேஜ் வயர், பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் 40 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸ் இல்லாமல் வயரை உள்ளே இழுக்கவே விடாதீர்கள்.

செங்கோட்டை: மூன்று வாரம் கழித்து

சொன்ன அளவிலேயே தச்சரிடம் பெட்டி அடித்தேன். நாற்காலி உரசாமல் போகிறது. ஆனால் ஓட்டுநர் சீட்டில் சத்தம் வெறுமையாக இருக்கிறது, டிக்கியைத் திறந்தால் பலமாகக் கேட்கிறது. கிராஸ்ஓவரை, அதாவது கீழ்ச்சத்தம் சப்புக்குப் பிரியும் எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வைத்திருக்கிறேன்.

புனலூரிலிருந்து

ஆம்பில் ஃபேஸ் சுவிட்ச் இருக்கும், 0 இலிருந்து 180க்கு மாற்றிப் பாருங்கள். இல்லையென்றால் சப்பின் பிளஸ், மைனஸ் வயரை மாற்றிப் போடுங்கள். சப் முன்னே தள்ளும் நேரத்தில் கதவு ஸ்பீக்கர் பின்னே இழுத்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும்.

செங்கோட்டை

அதேதான். 180இல் போட்டதும் 'தொம்' முன்னால் வந்துவிட்டது. நம்பர் பிளேட் அதிர்ந்தது, பின்னால் ரப்பர் ஒட்டியாச்சு. நேற்று அம்மாவும் கூட வந்தாள். ஆரியங்காவு தாண்டித் தனி ஆவர்த்தனம் வந்தபோது அப்பாவின் இடது கை தொடையில் தட்ட ஆரம்பித்தது. குச்சி பிடிக்கும் கை அது. எல்லோருக்கும் நன்றி.