சன், வேக்ஸ், இண்டிகோ: மூன்றும் ஒரே கோஆக்ஸில், என்எஃப்எஸ் மட்டும் திக்குகிறது

கேள்வி – பழங்கணினி

என்னிடம் மூன்று பழைய யூனிக்ஸ் கணினிகள், அடைப்புக்குள் இயங்குதளம்: சன் 3/60 (சன்ஓஎஸ் 4.1.1), வேக்ஸ்டேஷன் 3100 (அல்ட்ரிக்ஸ்), எஸ்ஜிஐ இண்டிகோ (ஐரிக்ஸ் 5.3). மூன்றும் ஆர்ஜி-58 (50 ஓம் கோஆக்ஸ்) ஈதர்நெட் கேபிளில் வரிசையாக இருக்கின்றன. இண்டிகோவில் 15 பின் ஏயுஐ சாக்கெட் மட்டும் என்பதால், அதைக் கோஆக்ஸோடு இணைக்க ஒரு வெளி டிரான்ஸீவர் பெட்டி. பிங் (இணைப்புச் சோதனை) எல்லாப் பக்கமும் போகிறது. ஆனால் சன்னின் டிஸ்க்கை என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே இன்னொரு மெஷினின் கோப்புகளைத் திறக்கும் முறை) மூலம் வேக்ஸில் மவுண்ட் செய்தால் சின்னக் கோப்பு உடனே திறக்கிறது, பெரியது பாதியில் நின்றுவிடுகிறது. 'சர்வர் பதில் தரவில்லை', 'ஓகே' என்று மாறி மாறி வருகிறது. கேபிளா, செட்டிங்கா?

பதில் – ஐம்பது ஓம்

முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள், அதற்கு ஒரு மல்டிமீட்டர் போதும். ஒரு டீயை (கேபிளை மெஷினோடு இணைக்கும் T வடிவ இணைப்பான்) மெஷினிலிருந்து கழற்றி, அதன் நடு ஊசிக்கும் வெளி உறைக்கும் இடையே அளந்து பாருங்கள். சுமார் 25 ஓம் வர வேண்டும். 50 வந்தால் ஒரு டெர்மினேட்டர் (கேபிளின் இரு முனையிலும் மாட்டும் 50 ஓம் மூடி) இல்லை, அல்லது நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது. டிவி கோஆக்ஸ் 75 ஓம். பிஎன்சி கனெக்டர் பொருந்துகிறதே என்று ஒரு துண்டு சேர்த்துவிடாதீர்கள். டீ நேராக மெஷினில்தான் உட்கார வேண்டும், இடையில் வால் கேபிள் கூடாது. இரண்டு டீக்கு நடுவே குறைந்தது அரை மீட்டர், மொத்த நீளம் 185 மீட்டருக்குள். எர்த் ஒரே ஒரு முனையில்.

டிரான்ஸீவரில் எஸ்க்யூஈ (டிரான்ஸீவர் வேலை செய்கிறது என்று சொல்லும் சோதனை சிக்னல்) ஸ்விட்ச் இருந்தால், கணினியில் மாட்டும்போது ஆன், ரிப்பீட்டரில் (கேபிள் துண்டுகளை இணைக்கும் பெட்டி) மாட்டும்போது ஆஃப். ஏயுஐ கனெக்டரின் தாழ்ப்பாளையும் பாருங்கள், பாதி பூட்டியிருக்கும்.

பதில் – எக்ஸ்டிஆர்

கேபிள் சரி என்றால் விஷயம் வேறு. என்எஃப்எஸ் ஒரு தடவைக்கு 8192 பைட் கேட்கிறது. ஈதர்நெட் பாக்கெட்டில் 1500 பைட்தான் அடங்கும், அதனால் சன் அந்தப் பதிலை ஆறு துண்டாக்கி இடைவெளியே இல்லாமல் தள்ளுகிறது. வேக்ஸ் அதில் ஒன்றைத் தவறவிட்டாலும் மற்ற ஐந்தும் வீண். என்எஃப்எஸ் இங்கே பயன்படுத்தும் யுடிபி நெறிமுறையில் துண்டை மட்டும் திரும்பக் கேட்க வழியில்லை; டைம்அவுட் ஆனபின் எட்டு கேபியும் மறுபடி அதே வேகத்தில் வரும், மறுபடி ஒன்று விழும். சின்னக் கோப்பு ஒரே பாக்கெட்டில் முடிவதால் தப்பிக்கிறது.

மாற்றும் முன் வேக்ஸில் என்எஃப்எஸ்ஸ்டாட் (என்எஃப்எஸ் புள்ளிவிவரம் காட்டும் கட்டளை) போட்டு கிளையன்ட் கணக்கைப் பாருங்கள். டைம்அவுட் ஏற, பேட்எக்ஸ்ஐடியும் (ஒரே கேள்விக்கு இரண்டாவதாக வந்த பதில்களின் எண்ணிக்கை) கிட்டத்தட்ட அதே அளவு ஏறினால் சர்வர் மெதுவாக இருக்கிறது, டைம்அவுட்டைக் கூட்டுங்கள். பேட்எக்ஸ்ஐடி அசையாமல் இருந்தால் பாக்கெட் வழியில் தொலைகிறது.

பழங்கணினி

பேட்எக்ஸ்ஐடி பூஜ்யம். டைம்அவுட் மட்டும் ஏறுகிறது.

எக்ஸ்டிஆர்

அப்படியானால் மவுண்டில் ஆர்சைஸ், டபிள்யூசைஸ் (ஒரு தடவை படிக்கும், எழுதும் பைட் அளவு) இரண்டையும் 1024 ஆக்குங்கள். வேகம் குறையும், ஆனால் நிற்காது. ஓடிய பிறகு 2048 வைத்துப் பார்க்கலாம், அதற்கு இரண்டு துண்டுதான்.

பதில் – லான்ஸ்

இன்னும் இரண்டு இடம் உண்டு. சன்ஓஎஸ் இயல்பாக பிராட்காஸ்ட் முகவரியின் (எல்லா மெஷினுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் முகவரி) கடைசியில் 0 போடும்; 192.168.5 நெட்வொர்க்கில் அது 192.168.5.0. ஐரிக்ஸ் எதிர்பார்ப்பது 255. சன்னின் ஆர்சி.லோக்கல் கோப்பில் (கிளம்பும்போது ஓடும் கோப்பு) இஃப்கான்ஃபிக் (நெட்வொர்க் முகவரி அமைக்கும் கட்டளை) வரியில் 192.168.5.255 என்று வெளிப்படையாகவே எழுதிவிடுங்கள். பிற்காலத்தில் 4.2 பிஎஸ்டி (பழைய யூனிக்ஸ்) வழிவந்த மெஷின் ஒன்றைச் சேர்த்தால் மட்டும் எல்லாவற்றிலும் 0-வுக்கே மாற்றுங்கள். 255 பிராட்காஸ்ட் என்றே அதற்குத் தெரியாது. யாருக்கோ போகும் பாக்கெட் என்று நினைத்து ஃபார்வர்ட் செய்யப் பார்த்து, ஏஆர்பி (ஐபி முகவரிக்கு உரிய ஈதர்நெட் முகவரியைக் கேட்கும் முறை) கேட்டுக் கேட்டு லைனை நிரப்பும்.

அல்ட்ரிக்ஸில் டெக்நெட்டும் (டெக் நிறுவனத்தின் சொந்த நெட்வொர்க் முறை) ஓட்டுவீர்களா? ஓட்டினால் அதை டிசிபி/ஐபிக்கு முன்பே கிளப்புங்கள். டெக்நெட் ஈதர்நெட் முகவரியையே ஏஏ-00-04-00 என்று தொடங்கும் ஒன்றாக மாற்றிவிடும். பிந்திக் கிளம்பினால் சன்னின் ஏஆர்பி அட்டவணையில் பழைய முகவரியே நிற்கும். அது காலாவதியாகும்வரை, அல்லது கையால் அழிக்கும்வரை, வேக்ஸ் சன்னுக்குக் கிடைக்காது.