புதுப்பிப்பு: ரீகாலில் ஸ்கேன் பிடிஎஃப்கள் தேடலில் வரவில்லை (தீர்ந்தது)

ஏற்காட்டில் அப்பாவின் காபித் தோட்டத்துப் பழைய பில்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன், கணினியிலுள்ள கோப்புகளுக்குள் தேடித்தரும் ரீகால் மென்பொருளுக்காக டெர்மினலில் ரீகால்இன்டெக்ஸ் (தேடல் பட்டியலை உருவாக்கும் கட்டளை) ஓட்டினால் பிழையில்லாமல் முடிகிறது, ஆனால் எதைத் தேடினாலும் அவை வருவதில்லை என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் ரொம்ப நன்றி.

டாப்டிர்ஸ் பாதை (எந்தக் கோப்புறைகளைப் பட்டியலிட வேண்டும் என்ற அமைப்பு) சரியாகத்தான் இருந்தது. அப்புறம் ரீகால் அமைப்புக் கோப்புறையில் ‘மிஸ்ஸிங்’ என்ற கோப்பைத் திறந்தால், பிடிஎஃப்டூடெக்ஸ்ட் (பிடிஎஃப்பிலிருந்து எழுத்தை எடுக்கும் நிரல்) இல்லை என்று அதிலேயே எழுதியிருந்தது. அது அடங்கிய பாப்ளர் யூட்டில்ஸ் தொகுப்பை நிறுவியதும் டைப் செய்த பிடிஎஃப்கள் வந்துவிட்டன. ஸ்கேன்கள் வரவில்லை, அவை வெறும் படங்கள்.

தீர்த்துவைத்தது நீங்கள் சொன்ன ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைப் படித்தெடுப்பது) யோசனைதான். டெசராக்ட் என்ற ஓசிஆர் நிரலையும் அதன் தமிழ்த் தரவையும் நிறுவி, ரீகால்.கான்ஃப் கோப்பில் பிடிஎஃப்ஓசிஆர் = 1, ஓசிஆர்ப்ரோக்ஸ் = டெசராக்ட், டெசராக்ட்லாங் = டாம் (டி, ஏ, எம் மூன்றெழுத்து) என்று போட்டு, இசட் ஆப்ஷனோடு (பழைய பட்டியலை அழித்துவிட்டு) ரீகால்இன்டெக்ஸை முழுதாக மறுபடி ஓட்டினேன். ராத்திரி முழுக்க ஓடியது, நடுவில் மழைக்குக் கரண்ட் போய் லேப்டாப்பும் அணைந்துவிட்டது, ஆனால் ஓசிஆர் முடிவுகளை ரீகால் தனியே சேமித்து வைப்பதால் முடிந்த கோப்புகளை மறுபடி படிக்கவில்லை. இது பெரிய நிம்மதி.

எதிர்பாராத ஒன்று: ‘மிளகு’ என்று தேடினால் ‘மிளகை’ உள்ள பில் வரவில்லை. ‘மிளக*’ என்று நட்சத்திரக் குறியோடு தேடினால் இரண்டுமே வருகின்றன. அச்சடித்த பில்கள் நன்றாகவே கிடைக்கின்றன, அப்பா கையால் எழுதியவை மட்டும் டெசராக்டுக்குப் பிடிபடவில்லை, அவற்றுக்குக் கோப்புப் பெயரிலேயே தேதியும் விவரமும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.