அக்கா மாற்றிப் போட்ட நாற்காலி

ஈரோட்டிலிருந்து:

ஏழு வயதில் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. வீக்கம் வடிந்துவிட்டது, இடது காது போனது போனதுதான். வெளியே பார்த்தால் யாருக்கும் தெரியாது. பேச்சு தெளிவாக இருக்கும், காதில் மெஷின் கிடையாது. ஜவுளி மொத்தக் கடை ஒன்றில் கணக்கு எழுதச் சேர்ந்தபோது நானும் சொல்லவில்லை.

ஒரு காது இல்லையென்றால் பாதிச் சத்தம்தான் கேட்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதே பிடிபடாது, அதற்கு இரண்டு காதும் வேண்டும். தீபாவளிச் சமயத்தில் கடையில் நாலு பேர் ஒன்றாகப் பேசினால் யார் பேச்சும் தனியாகப் பிரியாது. உதட்டைப் பார்த்துப் பார்த்தே வேலை செய்து, சாயங்காலம் தலை கனத்துப் போயிருக்கும்.

என் இடப்பக்கம் பில் போடும் அக்காவின் மேசை. மூன்று மாதம் கழித்து அவர் முதலாளியிடம் சொன்னது காதில் விழுந்தது: "கூப்பிட்டாத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்கறானுங்க. அத்தனை திமிருங்க."

அன்று மதியம் டிபன் டப்பாவோடு அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன். "அக்கா, இந்தப் பக்கத்துக் காது எனக்குச் சுத்தமாக் கேக்காதுங்க."

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. ரொம்ப நேரம் அவர் பேசவில்லை. மறுநாள் காலையில் போனால், என் நாற்காலி மேசைக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது. இப்போது அக்கா எனக்கு வலப்பக்கம். அவரே நகர்த்திப் போட்டிருக்கிறார். அப்புறம் என்னைக் கூப்பிட மேசையில் இரண்டு தட்டு, அந்த அதிர்வு கைக்குத் தெரிந்துவிடும்.

எனக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடையாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி இரண்டு காதிலும் குறைந்தது 60 டெசிபல் இழப்பு இருக்க வேண்டும். காட்டக் காகிதம் இல்லாதவன் வாயைத் திறந்துதான் ஆகவேண்டும். அதில் வருத்தம் உண்டு. சொல்லாமலே கழித்த அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்னும் வருத்தம்.

சென்னையிலிருந்து:

ஈரோட்டுக் கடிதத்தைப் படித்ததும் எங்கள் டீமில் இருக்கும் தம்பிதான் நினைவுக்கு வந்தான். கண்ணைப் பார்த்துப் பேச மாட்டான். "கொஞ்சம் சீக்கிரம் முடிச்சிடுப்பா" என்றால், "எத்தனை மணிக்குள்ள?" என்பான். நான் அதைக் குதர்க்கம் என்று எடுத்துக்கொண்டு, வருட மதிப்பீட்டில் 'ஒத்துழைப்பு குறைவு' என்று எழுதியும் விட்டேன்.

பிறகு அவனிடமிருந்து நாலு வரி மெயில். தனக்கு ஆட்டிசம், வேலையை எழுத்தில், தேதி நேரத்தோடு கொடுத்தால் போதும் என்றிருந்தான். அதே சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு. ஆனால் நான் சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை. 'வியாழன் மாலை 5 மணிக்குள்' என்று எழுதிக் கொடுக்க என்ன செலவு? இப்போது மற்றவர்களும் அப்படியே கேட்கிறார்கள்.

அந்த மதிப்பீட்டைத் திருத்தச் சொல்லி மேலதிகாரிக்கு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. திங்கட்கிழமை நேரிலேயே போய்க் கேட்கப் போகிறேன்.