பெண்கள் சேர்ஃபிங்கில் பெட் கட்டுவது: அலை தெரிந்தவனுக்கு வாய்ப்புக் கூடுமா?

கோமாரிக் கரையான்:

வணக்கம் எல்லாருக்கும். அறுகம்பே உல்லையில் சேர்ஃப் போர்ட் (அலைச்சறுக்குப் பலகை) வாடகைக்குக் கொடுக்கும் கடையொன்றில் ஆறு வருசமாக வேலை செய்கிறேன். சித்தியின் மகனும் என்னோடுதான் நிற்கிறான், 22 வயது, அலை பார்ப்பதில் கெட்டிக்காரன். 2024 பரிஸ் ஒலிம்பிக்கின் சேர்ஃபிங் தஹிட்டித் தீவில் தியாஹுப்போவில் நடந்ததே, அப்போது போனில் பெட் கட்டும் ஆப் ஒன்றைப் போட்டு, பெண்களில் வஹினே ஃபியெரோவுக்குத்தான் தங்கம் என்று 40,000 ரூபா கட்டினான். அவர் அந்த அலையில் ஓடிப் பழகிய பிள்ளை, அதே வருசம் மே மாதம் அங்கே நடந்த உலகச் சுற்றுப் போட்டியையும் வென்றவர், அதனால் நானும் தடுக்கவில்லை. மூன்றாம் சுற்றிலேயே தோற்றுப்போனார். விட்டதைப் பிடிக்க, இறுதிப் போட்டியில் பிரேசிலின் தத்தியானா வெஸ்டன்-வெப் மேல் இன்னொரு 35,000. அதுவும் போய்விட்டது. சித்தியின் காப்பு இன்னும் அடகில் கிடக்கிறது.

இப்போது 2028 லொஸ் ஏஞ்சல்ஸ் போட்டி கலிபோர்னியாவில் லோவர் ட்ரெஸ்டில்ஸில் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, "அது தியாஹுப்போ மாதிரிப் பாறைக்கு மேல் உடையும் குழாய் அலை இல்லை அண்ணே, வெட்டித் திருப்பி ஓடுகிற அலை, இது எனக்குத் தெரிந்த அலை" என்று காசு சேர்க்கத் தொடங்கிவிட்டான். கட்டாதே என்று சும்மா சொன்னால் கேட்கமாட்டான். அலை தெரிந்தவனுக்கு உண்மையிலேயே வாய்ப்புக் கூடுமா? காரணத்தோடு சொல்லுங்கள்.

உல்லைக் காக்கா:

தம்பி, சேர்ஃபிங் பழக்குகிற ஆள் நான். ஹராம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் நீங்கள் காரணம் கேட்டிருக்கிறீர்கள்.

அலையைத் தெரிந்திருப்பது வேறு, அடுத்த அரை மணித்தியாலத்தில் எந்த அலை யாருக்கு வரும் என்று தெரிவது வேறு. ஒரு ஹீட்டில், அதாவது ஒரு மோதலில், ஆளுக்கு இரண்டு நல்ல அலைதான் கணக்கு. ஐந்து நடுவர்கள் பத்துக்குப் புள்ளி போடுவார்கள், மிகக் கூடினதையும் மிகக் குறைந்ததையும் வெட்டிவிட்டு மற்ற மூன்றின் சராசரி. அந்த இறுதிப் போட்டியையே எடுங்கள். அமெரிக்காவின் கரோலைன் மார்க்ஸ் ஒரு அலைக்கு 7.50, மற்றதுக்கு வெறும் 3.00, மொத்தம் 10.50. தத்தியானா 10.33. கடைசி அலைக்கு அவருக்கு 4.68 கிடைத்திருந்தால் தங்கம், கிடைத்தது 4.50. உங்கள் தம்பியின் 35,000 ரூபா அந்த 0.18 இல்தான் போனது. இரண்டு நடுவர்கள் கொஞ்சம் தாராளமாக எழுதியிருந்தால் கதை மாறியிருக்கும். அதற்கு முன் அரையிறுதியில் மார்க்ஸும் பிரான்சின் ஜொஹான் டிஃபேயும் 12.17 க்கு 12.17 சமன். மார்க்ஸின் தனி அலை ஒன்று பெரிது என்பதால்தான் அவர் இறுதிக்கே போனார்.

ஃபியெரோவைத் தோற்கடித்ததும் அதே டிஃபேதான். முதல் சுற்றில் பாறையில் தலை அடிபட்டுத் தையல் போட்டுக்கொண்டு வந்தவர்! அன்றைக்கு அவர் மேல் காசு வைக்க உங்கள் தம்பி துணிந்திருப்பாரா? நான் துணிந்திருக்கமாட்டேன், இத்தனை வருசம் கடலில் நின்றும். டோக்கியோ ஒலிம்பிக்கில், அப்போதே ஏழு முறை உலகச் சம்பியனாகியிருந்த ஸ்டெஃபனி கில்மோரைத் தென்னாப்பிரிக்காவின் பியங்கா பய்டென்டாக் மூன்றாம் சுற்றில் வெளியேற்றி, வெள்ளி வரை போனதும் இப்படித்தான்.

கல்லடிக் கணக்கர்:

காக்கா கடல் பக்கம் சொல்லிவிட்டார், நான் காசுப் பக்கம் சொல்கிறேன். சமபலமான இரண்டு பேர் மோதும் ஹீட்டுக்கு ஆப்பில் இரண்டு பக்கமும் 1.85 (வென்றால் ஒரு ரூபாவுக்கு 1.85 திரும்பும்) என்று போட்டிருக்கிறது என்று வையுங்கள். இரண்டு பேர் மேலும் ஆயிரம் ஆயிரமாகக் கட்டினால் 2,000 போகும், யார் வென்றாலும் வருவது 1,850. அந்த 150 கம்பனிக்கு, அலை வந்தாலும் வராவிட்டாலும். அப்படியென்றால் நட்டமில்லாமல் நிற்பதற்கே நூறில் 54 க்கு மேல் சரியாகச் சொல்ல வேண்டும், அதுவும் வருசக்கணக்காக. 24 பேரில் யாருக்குத் தங்கம் என்று கட்டும்போது கம்பனி எடுக்கும் பங்கு வழக்கமாக இன்னும் கூட. உங்கள் தம்பிக்குத் தெரிந்த ட்ரெஸ்டில்ஸ் விசயம் அந்த விலையைப் போடுகிறவனுக்கும் தெரியும், அவனிடம் ஒவ்வொரு வீராங்கனையின் ஹீட் கணக்கும் இருக்கிறது. இன்னொன்று, விட்டதைப் பிடிக்கக் கட்டுகிற இரண்டாவது பெட்தான் ஆளை விழுத்துவது. முதலில் காப்பைத் திருப்புங்கள்.

பொத்துவில் பிள்ளை:

அண்ணே, வாசித்து மனம் நொந்துபோய்த்தான் எழுதுகிறேன். 2018 இல் உல்லையில் பெண்களுக்கென்று சேர்ஃப் கழகம் தொடங்கினார்கள், நான் பிறகுதான் கடலில் இறங்கினேன், வீட்டில் சம்மதம் வாங்கவே ஒரு சீசன் போனது. தஹிட்டி நேரத்துக்கும் எங்களுக்கும் 15½ மணித்தியால வித்தியாசம், அந்த இறுதிப் போட்டிக்காக விடிய விடிய முழித்திருந்தேன். தத்தியானா கடைசி அலையை ஓடி முடித்து புள்ளிக்காகக் காத்திருந்த அந்த நேரம் எனக்கு இப்போதும் நெஞ்சுக்குள் நிற்கிறது. அதே நேரம் உங்கள் தம்பி 35,000 ரூபாவை நினைத்துக்கொண்டு பார்த்திருக்கிறார். எவ்வளவு அழகான ஒன்றை அவர் பார்க்காமல் விட்டுவிட்டார்.

ஒரு வழி சொல்கிறேன். பழைய போட்டிகளின் வீடியோ இணையத்தில் கிடக்கிறது. முடிவு தெரியாத ஹீட்டாகப் பார்த்து, தொடங்குவதற்கு முதல் யார் வெல்வார் என்று கொப்பியில் எழுதச் சொல்லுங்கள், பிறகு ஒவ்வொரு அலைக்கும் தானே புள்ளி போடட்டும். ஐம்பது ஹீட் எழுதினால் அவருக்கே தெரிந்துவிடும். அவர் போடும் புள்ளி நடுவர் புள்ளிக்குக் கிட்ட வந்தால் எங்களிடம் கூட்டி வாருங்கள், நாங்கள் பழகும்போது கரையில் இருந்து புள்ளி போட ஆள் இல்லாமல்தான் கஷ்டப்படுகிறோம்.

கோமாரிக் கரையான்:

எல்லாருக்கும் நன்றி. அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுவதையும் வாசித்தேன். 1,850 கணக்கைத் தானே போனில் இரண்டு தரம் போட்டுப் பார்த்தான், அப்புறம் பேசவில்லை. ஆப்பை அழித்தானா என்று நான் கேட்கவில்லை, ஆனால் சேர்த்த 18,000 ரூபாவைச் சித்தியிடம் கொடுத்துவிட்டான். கொப்பி வாங்கி ஒன்பது ஹீட் எழுதியிருக்கிறான், நாலுதான் சரி. புள்ளி போடுவது மட்டும் பரவாயில்லை, பல அலைக்கு அரைப் புள்ளி வித்தியாசத்துக்குள் வருகிறது. தங்கச்சி, ஞாயிறு காலை எத்தனை மணிக்கு இறங்குவீர்கள்? கூட்டிக்கொண்டு வருகிறேன்.